பதினோரு மரத்தில் எதை விடுவது

எனக்கு நாலாங்கிளாஸுக்கு மேல் படிப்பு கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் எவனும் புதிதாகக் கண்டுபிடித்தது போலச் சிரிக்க வேண்டாம். அந்த நாலாங்கிளாஸை வைத்துக்கொண்டு நான் கட்டியதைக் கேளுங்கள். உப்புத் தண்ணீர்தான் ஊறும் என்று ஊரே கைகொட்டிய மணலில் கிணறு வெட்டி நல்ல தண்ணீர் எடுத்தேன். அந்தத் தண்ணீரில் ஐஸ் கம்பெனி போட்டேன். கரண்டுக் கம்பி எங்கள் கரைக்கு வராது என்றார்கள். கம்பத்துக்குக் குழி தோண்ட ஆள் இல்லை என்று சாக்குச் சொன்னார்கள். என் ஆட்களை விட்டு நானே குழி தோண்டிக்கொடுத்து இழுத்துக்கொண்டு வந்தேன். லாரி இரண்டு. கல்யாண மண்டபம் ஒன்று. பெண்பிள்ளைகள் படிக்க ஆறு வகுப்பறை. ஓடு இல்லை, தளம் போட்டது. கடற்கரையில் பிறந்து, கடலில் ஒரு வலை இழுத்துப் பிழைக்காதவன் இத்தனையும் கட்டினான்.

இதையெல்லாம்விடப் பெரிய வேலையைப் பதினோரு வயதில் செய்தேன். அது கட்டிய வேலை இல்லை. விழாமல் நிறுத்திய வேலை. என்னோடு அந்தக் கரையில் அம்மணமாகத் திரிந்தவர்களில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவர்கள் ஏழெட்டுப் பேர். உங்களுக்காகத்தான் இதை எழுதச் சொல்லிப் பேரனிடம் நோட்டைக் கொடுத்திருக்கிறேன். உங்களில் சிலர் அன்றைக்குக் கல் எறிந்தீர்கள். சிலர் நான் அடிபட்டதை நின்று பார்த்தீர்கள். நான் சொல்வதில் பொய் இருந்தால் நேரில் வந்து சொல்லுங்கள்.

திருப்புல்லாணிக்குத் தெற்கே, மணலேறிக் கடைசியில் எங்கள் ஊர். ஊருக்கும் கடலுக்கும் நடுவே இருந்த புறம்போக்கில் பதினோரு மரங்கள். ஏழு பூவரசு, நாலு புளி. யாரும் நட்டதாகச் சொல்லிக்கொண்டதில்லை. வெளியூர்க்காரனுக்கு அவை நிழல். கூடை இறக்கி வைக்கவும், வலை காயப்போடவும், தூளி கட்டவும் ஆன மரங்கள். எங்களுக்கு அவற்றில் இரண்டு மட்டும் வேறு.

கரைக்கு எதிரே கடலுக்குள் பார் கிடக்கிறது. பவளப்பாறை. அலைக்குக் கீழே தலையை மறைத்துக்கொண்டு நீள நெடுகப் படுத்திருக்கும். அதில் ஒரே ஒரு வாசல், இரண்டு வள்ளம் பக்கத்தில் பக்கத்தில் வர முடியாத வாசல். கரையைப் பார்த்துத்தான் அதற்குள் நுழைய வேண்டும். முன்னால் சாய்ந்து நிற்கும் ஒரு பூவரசு. அதற்குப் பின்னால் மேட்டில், தலை இரண்டாகப் பிரிந்த கவட்டைப் புளி. கடலிலிருந்து பார்க்கும்போது புளியின் கவட்டைக்குள் பூவரசின் உச்சி வந்து உட்கார்ந்தால் வாசல் நேர். அரைக் கை விலகினாலும் பார்.

விலகினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் அம்மாவின் அண்ணன், பெரிய மாமா, மழைச் சாரலில் மரம் தெரியாமல் உத்தேசமாக நுழைந்தார். வள்ளம் தேங்காய் உடைந்த மாதிரி உடைந்தது. மாமாவைக் கரையில் போட்டபோது நெஞ்சிலும் முகத்திலும் தோல் இல்லை. பவளம் சீவியிருந்தது. அம்மா முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துத்தான் அழுதாள்.

இந்த அடையாளத்தைக் கரையில் வைத்துப் பேசக் கூடாது. அது எங்கள் வழக்கம். மகன் முதல் தடவை கடலுக்கு வரும்போது, பாரைத் தாண்டிய பிறகு, தகப்பன் திரும்பிக் காட்டுவான். அய்யா எனக்குக் காட்டியது அந்த வருஷம்தான். என் வலது கையை வள்ளத்தின் முகப்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “கரையில இதச் சொன்னா ஒன் நாக்குல புழு விழும்” என்றார். பக்கத்து ஊர்க்காரனுக்கு வாசல் தெரிந்தால் நம் பாரில் வந்து வலை போடுவான், காற்றுக்கு நம் துறையில் ஒதுங்குவான் என்று பயம்.

சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட் உள்நாட்டுக்காரர். நெல்லும் மிளகாயும் போடுகிற சம்சாரி. கெட்ட மனிதர் இல்லை. எங்கள் கரை வரைக்கும் லாரி வர ரோடு போட வேண்டும், மீன் ஏலம் விட ஒரு கொட்டகை கட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மரம் நிற்கிற புறம்போக்குதான் அதற்குத் தோதான இடம். மரத்தை ஏலம் விட்டால் ரோட்டுச் செலவுக்கும் ஆயிற்று. கணக்கப்பிள்ளை ஒருநாள் வந்து பட்டையைச் சீவி, சீவின இடத்தில் தாரால் ஒன்றிலிருந்து பதினொன்று வரை நம்பர் போட்டுவிட்டுப் போனார். பூவரசுக்கு ஏழு. கவட்டைப் புளிக்குப் பத்து.

வேதக்கோவில் உபதேசியார் எங்கள் ஊரில் எழுதத் தெரிந்தவர். மனு எழுதினார். நல்ல கையெழுத்து. ‘ஏழைகளுக்கு நிழலாகவும், வலைகளுக்கு ஆதரவாகவும், புனிதர் திருநாளில் சப்பரம் இறக்கி வைக்கவும்’ என்று எழுதினார். உண்மையை எழுத அவருக்கும் வாய் வரவில்லை. அவரும் எங்கள் ஆள்தானே.

பிரசிடெண்ட் நேரிலேயே வந்தார். கூட பஞ்சாயத்து மெம்பர்கள். அதில் ஒருவர் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். அந்த ஆள் அங்கே நின்றதுதான் வினை.

“நெழலுக்குத்தான வேணும்? கொட்டகை வருது. கூரைக்கிக் கீழ ஒக்காந்து வலை தைங்கப்பா. மரத்துக் காக்கா எச்சத்துல எதுக்கு ஒக்காரணும்?” என்றார் பிரசிடெண்ட்.

“வேணாம். மரம் இருக்கட்டும்” என்றார் அய்யா.

“ஏன்னு சொல்லு.”

அய்யா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“சரிப்பா, ஒங்க பேச்சுக்கும் மதிப்புக் குடுக்கணும். ஒண்ணு ரெண்டு மரத்த வேணும்னா விட்டுர்றேன். ரோட்ட வளைச்சுக்கிருவோம். பதினொண்ணுல எத விடணும்? தொட்டுக் காட்டுங்க.”

நான் அய்யாவின் இடுப்பளவுக்கு நின்றுகொண்டிருந்தேன். அவர் கை என் தோளில் இருந்தது. இரண்டு மரத்தைத் தொட்டுக் காட்டினால் முடிந்தது. ஊரே பிழைத்தது. பக்கத்து ஊர் மெம்பர் வெற்றிலையை மென்றுகொண்டு எங்கள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார், யார் கண் எந்த மரத்துக்குப் போகிறது என்று. எங்கள் ஆம்பிளைகள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அய்யாவின் விரல் என் தோள் எலும்புக்குள் இறங்கியது.

கடைசியில் சித்தப்பாதான், அய்யாவின் தம்பி, கத்தினார்: “பதினொண்ணும் வேணும்!”

மெம்பர்கள் சிரித்தார்கள். “அப்ப கடலும் வேணும்னு எழுதிக் குடு” என்றார் ஒருவர். பிரசிடெண்டுக்கு முகம் சிவந்துவிட்டது. இறங்கி வந்து பேசினவரை அவமானப்படுத்திவிட்டதாக நினைத்தார். அப்படித்தான் யாரும் நினைப்பார்கள். “ஒங்களுக்கு நல்லது செய்ய வந்தேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும்” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

சனிக்கிழமை காலை காண்டிராக்டரின் ஆட்கள் பன்னிரண்டு பேர் கோடாலியோடு வந்தார்கள். இரண்டு போலீஸ். முதல் வெட்டு ஒன்றாம் நம்பர் பூவரசில் விழுந்தது. அந்தச் சத்தம் முடிவதற்குள் முதல் கல் போயிற்று. யார் எறிந்தது என்று உங்களுக்குத் தெரியும். அவர் இப்போது இல்லை, விட்டுவிடுகிறேன். கல் கோடாலிக்காரனின் வாயில் விழுந்து இரண்டு பல் மணலில் கிடந்தது. அதற்கப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்ல முடியாது. பொம்பளைகள் மீன்கூடையில் மணலை அள்ளிக் கண்ணில் கொட்டினார்கள். என் அம்மா ஒரு போலீஸ்காரனின் தொப்பியைப் பிடுங்கி மண்டையிலேயே அடித்தாள். சித்தப்பா திருக்கை மீனின் வாலில் செய்த சாட்டையோடு இறங்கினார். காய்ந்த திருக்கைவால் பட்டால் சட்டையும் தோலும் சேர்ந்து வரும். மூன்று பேருக்கு முதுகு கிழிந்தது. லத்தி திருப்பி விழுந்ததில் சித்தப்பாவின் காறை எலும்பு உடைந்த சத்தத்தை நான் கேட்டேன். காய்ந்த மட்டை முறிகிற மாதிரி.

ஒன்றாம் நம்பர் பூவரசு பத்து மணிக்கு விழுந்தது. எங்கள் ஆட்களில் நான்கு பேரைப் போலீஸ் பிடித்து வண்டியில் ஏற்றி அனுப்பியது. மரம் விழுந்த இடத்தில் வானம் பெரிதாகத் தெரிந்தது.

மத்தியானம் ரம்பத்தோடு இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். புளிகளை அறுக்க. பெரியவர் சிக்கல் என்ற ஊர்ப் பக்கத்துக்காரர். தகப்பன் மகனாக அறுப்பு வேலை. காலையில் நடந்த எதிலும் அவர் இல்லை. அடுப்பு மூட்டிப் பனங்கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தார். நான் எட்ட நின்று முறைத்தேன்.

“என்னடா மொறைக்கிற? கிழங்கு வேணுமா, ரம்பம் வேணுமா?”

“ஒங்க கை ஒடியணும்” என்றேன்.

“ஒடிஞ்சா யாருடா எம்மவனுக்குக் கஞ்சி ஊத்துவா, நீயா?” சிரித்துக்கொண்டே பாதிக் கிழங்கை நீட்டினார். வாங்கித் தின்றேன். பசி. ரம்பத்தின் பல்லில் என் விரலை வைத்து, “மெதுவாத் தடவிப் பாரு. மேல போறப்ப கடிக்காது, கீழ வாறப்பத்தான் கடிக்கும்” என்றார். அந்த ரம்பம் என் உயரத்தைவிட நீளம். எண்ணெய் வாசனை அடித்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊர் முழுக்கப் பூசையில் இருந்தது. அறுப்புக்காரரும் போலீஸும் ஊருணிக்குக் குளிக்கப் போயிருந்தார்கள். சித்தப்பா என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். இடது கை கழுத்தில் தூளியாகத் தொங்கியது. மடியில் வள்ளத்து ஆணிகள், ஒவ்வொன்றும் விரல் நீளம்.

“எனக்குக் கை ஏலாது. நீ அடி. நாஞ் சொல்ற எடத்துல அடி.”

நான்தான் அடித்தேன். இதை இப்போது முதல் தடவையாக எழுத்தில் வைக்கிறேன். அவர் விரலால் தொட்ட இடத்தில் பட்டையைக் கத்தியால் நெம்பி, ஆணியை வைத்து, சம்மட்டியால் நான் இறக்கினேன். இறங்கியதும் பட்டையை மூடி, சாணியும் மண்ணும் அப்பினேன். நாலு புளிக்கும் மும்மூன்று. உள்ளே கோவிலில் பாட்டுச் சத்தம் உயரும்போதெல்லாம் ஓங்கி அடித்தேன். ரம்பம் உடையும், திரும்பிப் போய்விடுவார்கள் என்றார் சித்தப்பா. நானும் ரம்பத்தைத்தான் நினைத்தேன். ரம்பத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மூஞ்சி இருக்கிறது என்று நினைக்கவில்லை. கிழங்கு கொடுத்த மூஞ்சி.

திங்கட்கிழமை எட்டாம் நம்பர் புளியில் ரம்பத்தை வைத்தார்கள். இழுவை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. தகப்பன் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். கிரீச்சென்று ஒரு சத்தம். மகன் நிறுத்தாமல் பலங்கொண்ட மட்டும் இழுத்துவிட்டான். ரம்பம் படாரென்று முறிந்தது. முறிந்த துண்டு திரும்பி வந்து பெரியவரின் முகத்தில் அடித்தது. அவர் கத்தவில்லை. உட்கார்ந்தார். முகத்திலிருந்து கையை எடுத்தபோது வலது கண் இருந்த இடத்தில் கண் இல்லை. ரத்தம் மரத்தூளில் விழுந்து உருண்டை உருண்டையாகத் திரண்டது. மகன் “அப்பா, அப்பா” என்று தன் வேட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தான்.

எங்கள் ஆட்கள் ஆரவாரம் செய்தார்கள். சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டார்கள். “ஒரு கண்ணுதான்லே போச்சு, இன்னொண்ணு இருக்குல்ல” என்று ஒருவர் சொன்னார். அறுபது பேர் சிரித்தார்கள். நான் வலைக்குப் பின்னால் போய்க் குடல் வரும்வரை வாந்தி எடுத்தேன்.

அடுத்த நாள் இன்னும் போலீஸ் வரும் என்றார்கள். எங்கள் ஆட்கள் மீன்குத்தி ஈட்டியைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். நாளைக்குச் சாவு விழும் என்று எனக்கே தெரிந்தது. பெரியவர்களுக்குத் தெரியாதா? தெரியும். அய்யா எனக்கு முன்னாலேயே அம்மாவிடம், “நான் போயிட்டா வள்ளத்தத் தம்பிகிட்டக் குடு” என்றார். சாக ஆள் இருந்தது. இரண்டு மரத்தைத் தொட்டுக் காட்ட ஆள் இல்லை.

நான் நடந்தேன். உச்சி வெயில், செருப்பு கிடையாது, பனங்காட்டு மணல். பிரசிடெண்ட் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் களத்தில் மிளகாய் வற்றல் கிளறிக்கொண்டிருந்தார். நெடி ஏறித் தும்மினேன்.

“யாருலே நீ?”

“கடக்கரையில இருந்து வாரேன். அந்த மரம் நெழலுக்கு இல்ல.”

“பின்ன?”

நாக்கில் புழு விழும் என்று உண்மையாகவே நம்பினேன். வாயால் சொல்லாமல் இடது கையில் இரண்டு விரலைக் கவட்டையாகப் பிரித்து, வலது கைக் கட்டைவிரலை அதற்கு முன்னால் பிடித்தேன். அவருக்குப் புரியவில்லை. அப்புறம் சொன்னேன். ஏழையும் பத்தையும் சொன்னேன். பாரைச் சொன்னேன். மாமாவின் நெஞ்சைச் சொன்னேன்.

மனிதர் கிளறிய கம்பைக் கீழே போட்டார். கொஞ்ச நேரம் என் விரலையே பார்த்தார். “நேரா உழுகணும்னா எதுத்த வரப்புல ஒரு மரத்தப் பாத்துத்தாண்டா ஏர் ஓட்டுவோம்” என்றார், யாரிடமோ சொல்வது போல. அடுத்த நிமிஷம் பளாரென்று ஒரு அறை. காதுக்குள் வண்டு பறந்தது. “இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா ஒருத்தங் கண்ணு போயிருக்குமாடா? எனக்கு மரத்து மேல என்னடா பகை?” அவர் கண்ணில் தண்ணீர். மிளகாய் நெடியாகவும் இருக்கலாம். பிறகு அவரே மோர் கொண்டுவந்து கொடுத்தார். உதட்டில் ரத்தத்தோடு குடித்தேன்.

மறுநாள் காலை அவர் வண்டியில் வந்து இறங்கினார். போலீஸைத் திருப்பி அனுப்பினார். ரோடு வளைந்து போகும், கொட்டகை ஊருக்கு மேற்கே வரும், மிச்ச மரங்களில் எவனும் கை வைக்கக் கூடாது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல மனிதர்களுக்கு நிறுத்தத் தெரியாது. “வள்ளத்துக்கு அடையாளம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாப்பா? ஒங்க சின்னப் பய வந்து சொல்லித்தான எனக்குத் தெரியுது” என்றார். பக்கத்து ஊர் மெம்பர் அவர் பின்னால் நின்றார்.

ஒருவரும் சந்தோஷப்படவில்லை. உங்களுக்கு நினைவிருக்கும். அத்தனை தலையும் திரும்பியது. அய்யா மெதுவாக நடந்து சித்தப்பாவிடம் போய்த் திருக்கைவாலை வாங்கினார்.

பிரசிடெண்டின் வண்டி மறையும்வரை காத்திருந்தார். என்னைக் கட்டவில்லை, ஓட மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். ஏழாம் நம்பர் பூவரசைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார். முதல் அடியில் சட்டை போயிற்று. ஐந்தாவதில் என் சத்தம் போயிற்று. பதினொன்று அடித்தார். ஒரு மரத்துக்கு ஒன்று. விழுந்துவிட்ட மரத்துக்கும் சேர்த்து. அம்மாவை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். உபதேசியார் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். சித்தப்பா, முந்தாநாள் என் கையில் ஆணியைக் கொடுத்த அதே சித்தப்பா, “ஓட்ட வாய்” என்று என் மேல் துப்பினார்.

அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வெயில் காலத்தில் அரிக்கும்.

அய்யா அதற்கப்புறம் என்னைக் கடலுக்குக் கூட்டிப் போகவில்லை. அவர் சாகும்வரை கூட்டிப் போகவில்லை. ஓட்டை உள்ள வள்ளத்தில் யாரும் ஏற மாட்டார்கள் என்றார். அதனால்தான் ஐஸ் கம்பெனி, அதனால்தான் லாரி. அவர் பயந்தது நடந்ததா? நடந்தது. பக்கத்து ஊர்க்காரர்களுக்கு வாசல் தெரிந்துவிட்டது. தெற்கிலிருந்து வீசும் அடுத்த சோளகக் காற்றில் அவர்களுடைய வள்ளங்கள் ஒன்பது எங்கள் வாசல் வழியாக வந்து ஒதுங்கின. எங்கள் மீன் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஒன்பது வள்ளத்து ஆட்கள் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள். அய்யாவே அவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார், என்னைப் பார்க்காமல்.

தலையெடுத்த பிறகு சிக்கலுக்குப் போய் அறுப்புக்காரரைத் தேடிப்பிடித்தேன். ஒற்றைக் கண்ணோடு கோழிக்கூடு முடைந்துகொண்டிருந்தார். “அந்த ஆணிய அடிச்சது நான்தான்” என்று சொன்னேன்.

“தெரியும்” என்றார். “மறுநா எம்மவன் போயி நெம்பிப் பாத்தான். கோணக்க மாணக்க எறங்கியிருக்கு, சின்னப்புள்ள அடிச்சதுன்னு சொன்னான். ஆம்பளக் கையில அடிச்சா நேரா எறங்கும்.” என் பேரைச் சபித்தாரா என்று கேட்டேன். “பேரு தெரியாதே, எப்பிடிச் சபிக்க?” என்றார்.

அவர் மகனுக்கு என் கம்பெனியில் வேலை கொடுத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன திருநாளுக்கு ஊர்ச் சபை அந்த மரங்களின் அடியில் கருங்கல் நட்டிருக்கிறது. பத்து மரமும் நிற்கின்றன. கல்லில் என்ன வெட்டியிருக்கிறது? உபதேசியாரின் மனுவாலும் சித்தப்பாவின் வீரத்தாலும் இந்த மரங்கள் காக்கப்பட்டன என்று வெட்டியிருக்கிறது. மனுவில் உண்மை ஒரு வரி இல்லை. வீரத்துக்குக் கை உடைந்திருந்தது. ஆணி என் கை, சொன்னது என் வாய், கொடுத்தது என் முதுகு. இதை எழுதினால் கரையில் சொல்லக் கூடாததைச் சொன்னவனை ஊர் ஒத்துக்கொண்டதாக ஆகும் என்று இன்னமும் தயங்குகிறீர்கள். இன்றைக்குப் பையன்கள் கையில் வழிகாட்டும் மிஷினை வைத்துக்கொண்டு வாசலில் நுழைகிறார்கள், நீங்கள் மட்டும் தரையைப் பார்க்கிறீர்கள்.

நான் கூலி கேட்கவில்லை, மாலை கேட்கவில்லை. என் பேரைக் கல்லில் வெட்டுங்கள். காத்தவன் என்று போட மனம் வராவிட்டால் காட்டிக்கொடுத்தவன் என்று போடுங்கள்; எனக்குச் சம்மதம். ஒருவர் கண்ணைப் பறித்தவன் என்றும் சேர்த்துப் போடுங்கள்; அதுவும் என் வேலைதான், இன்னொருவன் பேரில் இருக்க வேண்டாம். ஆனால் வெட்டுங்கள், நான் இருக்கும்போதே வெட்டுங்கள். போன வாரம் போய் அளந்து பார்த்தேன். கல்லின் அடியில் ஒரு சாண் இடம் சும்மாதான் கிடக்கிறது.